ரிஃபாவின் பல்லும் ஜாஸ்மின் நிக்காஹும்

வியாழன், நவ. 14

காலையிலேர்ந்து தூறல். துவைச்சது எதுவும் காயலை. ஞாயிறு ஜாஸ்மின் நிக்காஹ். இவரோட கடைசித் தங்கச்சி. அவ பக்கத்துல உட்கார வேண்டியவ நான்தான்னு எப்பவோ பேசி வச்சாச்சு. பிளவுஸ் வாங்கணும். பால் கூடுதலா சொல்லணும். ரிஃபாவுக்குச் செருப்பு.

நேத்து ராத்திரி ரிஃபா தூங்கலை. வலது பக்கம், மேல் கடைவாய்ப் பல். பகல் பூரா சாப்பிட்டா, ஆடினா, ஒண்ணும் சொல்லலை. படுத்ததும் ஆரம்பம். எழுப்பி உட்கார வச்சா குறையுது, சாய்ச்சா மறுபடி. போன் வெளிச்சத்துல பார்த்தேன். ரெண்டு பல்லுக்கு நடுவுல கறுப்பு. கறி நார் ஒண்ணு மாட்டியிருந்தது. வெதுவெதுன்னு உப்புத் தண்ணி கொப்பளிக்க வச்சு, நூல் விட்டு மெல்ல எடுத்தேன். அவ எடைக்கு உண்டான பாரசிட்டமால் சிரப். கன்னத்துல ஈரத்துணி. தலைக்கு ரெண்டு தலையணை. அப்பவும் என் மேல சாஞ்சுதான் தூங்கினா. ஆறு வயசுக்கு என்ன கனம்.

வெள்ளி

இடுப்பு வலி. மழை இல்ல, புழுக்கம்.

ஜுமுஆ தொழுகை முடிஞ்சு இவர் வந்ததும் சொன்னேன், பல் டாக்டர்கிட்ட காட்டணும்னு. திங்கக்கிழமை பார்த்துக்கலாம், பால் பல்தானே, விழப்போறதுன்னார். மண்டபம், சமையல்காரர், வேன். போனைக் காதுலேர்ந்து எடுக்கவே இல்ல, பாவம். பம்மல் மெயின் ரோட்டு கிளினிக்குக்கு நானே போன் பண்ணினேன். டாக்டர் ஊர்ல இல்ல. அங்கயும் திங்கள்தான்.

சாயங்காலம் இவரோட அக்கா வந்து இறங்கினாங்க. படுக்கப் போட்டதும் ரிஃபா அழ ஆரம்பிச்சா. அவங்க கைப்பையிலேர்ந்து தலைவலி மாத்திரையை எடுத்துப் பொடிச்சு, பல்லு ஓட்டையில அடைக்கப் போனாங்க. பெரியவங்க மாத்திரை, பிள்ளைங்களுக்கு ஆகாது, ஈறும் வெந்துபோகும். கையைப் பிடிச்சுட்டேன்.

"நாலு புள்ளைங்களை வளர்த்திருக்கேன்"னாங்க.

பொடியை சிங்க்ல கொட்டினேன்.

சனி

வலி போச்சு. சுத்தமா. நேத்து ராத்திரி அழுது ஓய்ஞ்சதும் ஒரே தூக்கம். எல்லாருக்கும் மருதாணி, ரிஃபாவுக்கு ரெண்டு கையிலயும். இவரோட அக்கா வர்றவங்ககிட்டல்லாம், இவ சும்மா பயந்து சாவா, பிள்ளை பாருங்க எப்படி ஓடுதுன்னு.

எனக்கும் நிம்மதிதான். ஆனா அந்தப் பல்லை விரலால லேசா தொட்டேன், தலையை வெடுக்குனு இழுத்துக்கிட்டா. வாயில ஒரு கெட்ட வாடை. இன்னிக்கு மருந்தே கொடுக்காம அவ்வளவு வலி எப்படி நிக்கும்? யார்கிட்ட கேக்க. இன்னிக்குக் கேட்டா அடிப்பாங்க.

ஞாயிறு. ஆஸ்பத்திரி

இப்பதான் தூங்குறா. கையில டிரிப்ஸ்.

காலையில மண்டபத்துல, குன்றத்தூர் ரோடு, கவுன் மாட்டும்போது பார்த்தேன். வலது கன்னம் உப்பல். உடம்பு சூடு. மாப்பிள்ளை வீட்டார் வர்றதுக்குள்ள வீக்கம் கண்ணுக்குக் கீழ வரைக்கும் ஏறிடுச்சு. ஆம்பளைங்க பக்கம் போய் இவரைக் கூப்பிட்டுக் காட்டினேன். ஒரு மணி நேரம் பொறு, ஓதி முடியட்டும், இப்ப நீ எழுந்து போனா என்ன நினைப்பாங்கன்னார். திரும்பி வர்றதுக்குள்ள கண்ணு பாதி மூடிக்கிச்சு.

மணப்பொண்ணு ரூமுக்குள்ள போய் ஜாஸ்மின்கிட்ட சொன்னேன். அலங்காரம் பாதியில இருந்தா. ரிஃபாவோட முகவாயைத் தூக்கிப் பார்த்தா.

"போங்க மதினி. இனி யாரையும் கேக்காதீங்க."

பட்டுச் சேலையோட ஆட்டோ. பல்லாவரம் பக்கம் ராத்திரி பெஞ்ச மழைத் தண்ணி நின்னு வண்டிங்க நகரலை. ரிஃபா என் மேல சூடா கிடந்தா, அழக்கூட இல்ல. அதுதான் பயம். ஆட்டோக்காரர் கண்ணாடியில பார்த்துக்கிட்டே வந்தார். "இன்னாக்கா, பாப்பா மூஞ்சி இப்டி வீங்கிக்கீது"ன்னுட்டு சந்துக்குள்ள திருப்பினார். குரோம்பேட்டை ஆஸ்பத்திரி வந்தது தெரியலை.

பல் டாக்டர் சின்னப் பொண்ணு. விழுங்க முடியுதா, மூச்சு சரியா வருதான்னு முதல்ல பார்த்தாங்க. நேத்து வலி நின்னதைச் சொன்னேன்.

"பல் சரியாகி நிக்கலைம்மா. உள்ள நரம்பு செத்துடுச்சு, அதான். சீழ் மேல ஏறிக்கிட்டிருக்கு. கண்ணுக்குப் பக்கம், இதுக்கு மேல காத்திருக்கக் கூடாது."

எக்ஸ்ரே. ஊசி. மரத்துப்போனதும் பல்லை எடுத்து சீழை வெளியேத்தினாங்க. நான் தலையைப் பிடிச்சுக்கிட்டேன். மருதாணிக் கையால என் விரலை அவ இறுக்கின இறுக்கு இன்னும் போகலை.

இவர் போன் அடிச்சுக்கிட்டே இருந்தது. எடுக்கலை. எங்க இருக்கோம்னு மட்டும் மெசேஜ். சாயங்காலம் நிக்காஹ் சட்டையோடவே வந்தார், அத்தர் வாசனை. கட்டில் பக்கத்துல நின்னு பிள்ளை முகத்தைப் பார்த்தார். என்னைப் பார்க்கலை. டீ வாங்கிட்டு வரேன்னு போனவர் ரொம்ப நேரம் வரலை. வந்தப்போ கண்ணு சிவந்திருந்தது.

திங்கள்

காய்ச்சல் இறங்குது. கண்ணு திறந்துட்டா. ஐஸ்கிரீம் கேட்டா, கொடுக்கலாமாம். புதுப் பல் முளைக்கிற வரை அந்த இடம் சுருங்காம இருக்க ஒரு கம்பி வளையம் போடணும். இடது பக்கமும் ஒண்ணு சொத்தை ஆரம்பம், அடைச்சிடலாம். ராத்திரி பால் குடிச்சிட்டு அப்படியே தூங்கக் கூடாது, தேய்ச்சிட்டுத்தான்.

இவர் பேசினது ரெண்டு மூணு வார்த்தை. எல்லாம் மாத்திரை பத்தி.

செவ்வாய்

வீடு. வெயில். மூட்டை மூட்டையா துணி.

ரிஃபா கஞ்சி குடிச்சா. ஜாஸ்மின் மாமியார் வீட்டிலேர்ந்து போன், ரிஃபாகிட்ட மட்டும் பேசிட்டு வச்சா.

மத்தியானம் அரிசி களைஞ்சுக்கிட்டிருந்தேன். ஹால்ல இவர் போன்ல. மறுபக்கம் இவரோட அக்கா, குரல் கிச்சன் வரைக்கும் கேட்டுது. சபையில பொண்ணு பக்கத்துல ஆள் இல்லாம போச்சு, மாப்பிள்ளை வீட்டுல கேட்டாங்க, உன் பொண்டாட்டிக்கு யார் கொடுத்த தைரியம்.

இவர் நாற்காலியை விட்டு எழுந்த சத்தம்.

"நான்தான்க்கா போகச் சொன்னேன்."

தண்ணியை வடிக்காம அப்படியே நின்னேன்.