கொடி ஏறிய பிறகு ஊரைத் தாண்டியவன்

என் அம்மாவுக்கு,

நீ இப்போது எங்கோ காலை நீட்டி உட்கார்ந்திருப்பாய் என்று நினைத்துக்கொள்கிறேன். இங்கே உன்னை அப்படி நான் பார்த்ததே இல்லை.

நேற்று ஆடித்தபசுக்குக் கொடி ஏறியது. தறிச் சத்தத்தையும் மீறிக் கோயில் மேளம் நம் தெருவுக்குக் கேட்டது. எதிர்வீட்டில் டிவி வாங்கிவிட்டார்கள். தெருவே அங்கேதான் கிடக்கிறது. நீ போய் நான்கு மாதம். துக்க வீடு என்பதால் இந்த வருடம் நம் வீட்டிலிருந்து யாரும் கோயில் சுற்றப் போகவில்லை.

நாளைக் காலை நான் மெட்ராஸ் கிளம்ப வேண்டும். ஊன்றுகட்டை ஓட்டம், நூறு மீட்டர். முதலில் வரும் இரண்டு பேரை அகில இந்தியப் போட்டிக்கு எடுப்பார்கள். உன் தங்கை வாசலை மறித்துக்கொண்டு நிற்கிறாள். கொடி ஏறினால் விழா முடியும்வரை ஊர் எல்லையைத் தாண்டக் கூடாது. அது நீ சொல்லிக் கொடுத்ததுதான்.

"அக்கா செத்த வருசம்லா இது. ஒனக்காகச் சுத்துன காலு மண்ணாப் போச்சு. இந்த ஒரு ஆடியாவது அடங்கி இருலே" என்கிறாள் சித்தி.

அவளுக்குப் பதில் சொல்வதற்கு முன் உனக்கு ஒன்று சொல்லியாக வேண்டும். ஆறு வருடமாகச் சொல்லாதது.

எனக்கு இரண்டு வயதில் வந்த காய்ச்சல். அதன் பிறகு வலது கால் வளரவில்லை. போலியோ என்ற சொல் நம் வீட்டுக்குள் வருவதற்கு முன்பே நீ சுற்ற ஆரம்பித்துவிட்டாய். ஒவ்வோர் ஆடியிலும் நூற்றெட்டுச் சுற்று. ஆடித்தபசில் அம்மன் ஒற்றைக்காலில் தவம் நிற்கிறாள். நாம் நடந்து அவள் கால்வலியில் கொஞ்சம் வாங்கிக்கொண்டால், நாம் கேட்டதை அவள் தருவாள். நீ கேட்டது என் காலை.

பன்னிரண்டு வயதில் கட்டைகளை ஊன்றிக்கொண்டு உன் பின்னால் வந்தேன். கல் தளம். கட்டையின் அடியில் இருக்கும் ரப்பர் நான்கு நாளில் தேய்ந்துவிடும். சைக்கிள் கடை அண்ணாச்சி பழைய டயரை வெட்டி ஆணியடித்துக் கொடுப்பார். பதினைந்து வயதில் உன்னை முந்தினேன். நீ ஒரு சுற்று முடிப்பதற்குள் நான் இரண்டு. வேண்டுதல் பிள்ளை என்று கூட்டம் வழிவிட்டது. நான் யார் யாரை முந்தினேன் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். அதற்குப் பயிற்சி என்று பெயர் என்பது கல்லூரிக்குப் போன பிறகுதான் தெரிந்தது.

உன்னை முந்திய அந்த வருடம்தான் உன்னிடம் கேட்டேன். "எம்மா, அம்மனே ஒத்தக் கால்லதான நிக்கா. அவளுக்கு இன்னொரு கால் வேணும்னு யாரு சுத்துதா?"

"வாயக் கழுவுலே" என்றாய். அரைச் சுற்றுக்குப் பிறகு உனக்குள் சிரித்துக்கொண்டாய். நான் பார்த்துவிட்டேன்.

பிறகு, ஆறு வருடத்துக்கு முன், மதுரையில் முதல் போட்டி. அன்றும் இதேபோல் கொடி ஏறியிருந்தது. "போனா அங்கன விழுந்து கெடப்ப" என்று சொல்லிவிட்டு நீ தறிக்கு நூல் தார் சுற்றப் போனாய். நான் பின்சந்து வழியாகப் போய் முதல் பஸ்ஸைப் பிடித்தேன்.

திரும்பி வந்தபோது நீ எத்தனையாவது என்று கேட்டாய். முதல் என்றேன்.

நீ என் கையைப் பிடித்துத் திருப்பினாய். "மொதல்ல வந்தவனுக்கு முழங்கை எப்பிடிலே பேந்துச்சு?"

"பஸ்ல."

தேங்காய் எண்ணெய் தடவினாய். வேறெதுவும் கேட்கவில்லை.

விழுந்தேன், அம்மா. பாதி தூரத்தில் இடது கட்டையின் ரப்பர் கழன்றது. எழுந்து முடித்தேன். கடைசி. பஸ்ஸில் ஊர் வரும்வரை ஒரே யோசனை. விழுந்தேன் என்று சொன்னால் அம்மன் தள்ளினாள் என்பாய். பிறகு எந்த ஆடியிலும் என்னை விடமாட்டாய். என்னை விழவைத்தது அம்மன் இல்லை. தேய்ந்த ரப்பரை மாற்றச் சோம்பல்பட்டவன் நான்.

மறுநாள் நீ தெரு முழுக்கச் சொன்னாய். எல்லையைத் தாண்டியும் அம்மன் என் பிள்ளையை ஜெயிக்க வைத்தாள் என்று. மீதிச் சுற்றுகளை நன்றிக்காகச் சுற்றினாய். வலித்த காலோடு. என் பொய்க்காக. அதற்குப் பிறகு நீ என்னைத் தடுக்கவே இல்லை.

அடுத்த வருடம் உண்மையிலேயே முதலாவதாக வந்தேன். பிறகு திருச்சி, கோயம்புத்தூர். இரண்டு முறை இரண்டாவது, ஒரு முறை நான்காவது. எல்லாம் நீ கொடுத்த அனுமதியில் ஓடியவை. அந்த அனுமதி நான் ஏமாற்றி வாங்கியது.

உண்மையிலேயே ஜெயித்து முதல் சர்டிபிகேட்டைக் கொண்டுவந்தபோது நீ அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாய். "ரெண்டு வருசத்துக்கும் சேத்து ஒண்ணாக் குடுத்துட்டாங்களோ?" என்றாய். பதிலுக்குக் காத்திருக்காமல் அடுப்படிக்குப் போய்விட்டாய்.

உனக்குத் தெரியுமா? தெரிந்தும் தெருவில் அப்படிச் சொன்னாயா? ஆஸ்பத்திரியில் பதினோரு நாள் உன் பக்கத்தில் இருந்தேன். ஒவ்வொரு நாளும் கேட்க நினைத்தேன். நீ அடுத்த ஓட்டம் எப்போது என்று கேட்டுக்கொண்டிருந்தாய்.

இதுவரை எழுதி வைத்துவிட்டுப் போய், இன்று சாயங்காலம் சித்தியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். வாசல் நிலையைப் பிடித்தபடியே பதில் சொன்னாள்.

"அப்ப அன்னைக்கு அம்மன்தான் தள்ளியிருக்கா. இப்பவும் தள்ளுவா."

"தள்ளட்டும், சித்தி. எந்திரிச்சு ஓடுதேன்."

என்னையே பார்த்தாள். வழிவிடவில்லை. ஆனால் உட்கார்ந்துவிட்டாள்.

நீ தடுத்தபோது உன்னை மீறிப் போவது எளிதாக இருந்தது. திரும்பி வந்தால் திட்ட நீ இருந்தாய். இப்போது மீறுவதற்கு ஊர் மட்டும்தான் இருக்கிறது. ஆனாலும் போகிறேன். பின்சந்து வழியாக இல்லை. முன்வாசல் வழியாக, தேரடியைத் தாண்டி, எல்லோரும் பார்க்க. சித்தியின் கையால் திருநீறு கேட்பேன். தந்தால் பூசிக்கொள்வேன். தராவிட்டாலும் பஸ் ஏறுவேன்.

திரும்பி வந்து உன் படத்துக்கு முன்னால் நின்று எத்தனையாவது என்று சொல்வேன். கடைசி என்றால் கடைசி என்றே சொல்வேன். தெருவுக்கும் அதையேதான் சொல்வேன்.

உன்னிடம் ஒரே ஒரு பொய் சொன்ன,
உன் மகன்.