நீ திருப்பி அனுப்பிய மாதா

றொட்னி,

சோறும் மீன் சொதியும் மூடி வைத்துள்ளேன். உண்; ஆனால் என் சினம் தணிந்ததென்று எண்ணாதே.

மாதாவின் திருச்சிலை, அந்தச் சுரூபம், வீடு வீடாக வரும் மாதத்தில் நேற்று நம் முறை. செபக்கூட்டப் பெண்களோடு அதைச் சுமந்து வந்த செபஸ்தியம்மா மாமியிடம், "அம்மா படுத்திட்டா, கரைச்சல் குடுக்காதேங்கோ" என்றாய். நான் எழுந்து வருமுன் படலையையும் சாத்திவிட்டாய்.

உன் தந்தை கடலில் மறைந்தபின் நான் கதவடைத்துக் கிடந்தேன். நீ கட்டாரில் வேலையில் இருந்தாய். அப்பெண்களோ மாலைதோறும் வாசலில் நின்று, மாதாவை வேண்டும் அருள்நிறை மந்திரத்தின் முற்பாதியைச் சொல்லி, பிற்பாதியை எனக்காக விட்டுக் காத்திருந்தார்கள். நாற்பத்தோராம் நாள் உள்ளிருந்து அதை நான் சொன்னேன். இறைவனையும் உறவுகளையும் அன்றுதான் கண்டடைந்தேன். அவர்களையா துரத்தினாய்?

மன்னிப்புக் கேட்டுச் சுரூபத்தை அழைத்துவரப் போகிறேன். பாயை விரித்து வை.

அம்மா

பி.கு.: நீயும் அமர்வாய். விசுவாசம் இல்லையென்று சாக்குச் சொல்லாதே. அன்று எனக்கும் இருக்கவில்லை.