மகசூலுக்கு நீங்கள் சொன்ன தப்பு

அக்கா,

நேற்று கூரியரில் நம் வட்டச் செயலாளரின் அந்தச் சொல் வரலாற்றுப் புத்தகம் வந்தது, இரண்டாம் பதிப்பு. புது மை வாசனையோடு நன்றியுரையைப் புரட்டினேன். பதினொரு பேர். உங்கள் பெயர் மட்டும் இல்லை. கோபத்தோடே ஒவ்வொரு பக்கமாகப் படித்தேன்.

பத்திர எழுத்தர் ஆபீசில் டைப் அடித்துக்கொண்டிருந்த நீங்கள், பழைய பத்திரங்களில் கண்ட சொற்களை ஞாயிறுதோறும் தருமபுரியில் கூடும் நம் எழுத்தாளர் வட்டத்துக்குக் கொண்டுவருவீர்கள். ராஜினாமா என்பது முதலில் சம்மதப் பத்திரம் என்று நீங்கள் சொன்னபோது செயலாளரே கைதட்டினார். அவர்தான் அத்தனையையும் குறித்துவைத்துத் தன் பெயரில் புத்தகமாக்கினார்.

முதல் பதிப்பு வந்த அன்று, "விடும்மா, வார்த்தை என்ன எங்கப்பன் வூட்டுச் சொத்தா?" என்று சிரித்தீர்கள். ஏரியூர் பஸ் ஏறும்போது மட்டும், "ஒரு வரி போட்டிருக்கலாம், இல்ல?" என்றீர்கள். என் முதல் தொகுப்புக்கு அவர் முன்னுரை எழுதுவதாக இருந்தது. நான் வாயைத் திறக்கவில்லை. முன்னுரை வந்தது. அடுத்த மாசியில் நீங்கள் கண்மூடிவிட்டீர்கள்.

இன்று கூட்டத்தில் எழுந்தேன். "அக்கா பேர் எங்கங்க?"

"அகராதில இருக்கற வார்த்தைக்கு ஆளாளுக்குப் பேர் போட முடியுங்களா? எல்லாம் நானே தேடுனது," என்றார் செயலாளர்.

"மகசூலும் நீங்க தேடுனதுங்களா?"

பக்கத்தை விரித்துக் காட்டினேன். மகமும் சூலும் சேர்ந்து மகசூல் ஆனதாக அச்சாகியிருந்தது. அது நீங்கள் ஊகத்தில் சொன்ன தப்பு. அடுத்த வாரமே, "தப்பாச் சொல்லிட்டேங்க, அது அரபுச் சொல்லு" என்று எல்லோர் முன்னும் திருத்தினீர்கள். அன்று செயலாளர் வரவில்லை; அதனால் தப்பே அவர் குறிப்பில் நின்றுவிட்டதென்று கூட்டத்தில் சொன்னேன்.

"அக்கா திருத்துன வாரம் நானும் இருந்தேங்க," என்றார் கவிதை எழுதும் கண்டக்டர். இன்னும் இரண்டு பேர் தலையாட்டினார்கள்.

செயலாளர் என்னைப் பார்க்காமலே, "அடுத்த பதிப்புல போட்டுடலாங்க," என்றார்.

"இப்பவே சீட்டு அடிச்சு ஒட்டுங்க. அக்கா பேரு மொதல்ல வரணும்."

ஒட்டப்போகிறார்கள். நீங்கள் பார்க்கவா போகிறீர்கள்? அவர் மேல் இருந்த கோபம் பாதி அடங்கிவிட்டது. ஒரு முன்னுரைக்காக உங்களை விட்டுக்கொடுத்த என் மேல் உள்ளது அப்படியே இருக்கிறது. அதை ஆறவிட மாட்டேன் அக்கா. இனி யாராவது இன்னொருவர் பெயரை விழுங்கும்போது எழுந்து நிற்க எனக்கு அது வேண்டும்.