சுவரில் இருந்த முகங்களுக்காக வீட்டு விலையைக் குறைத்த வங்கி மீது புகார்

அனுப்புநர்
எல்டன் தியோஃபிலஸ் பிராக்ஸ்டன்,
தெற்குச் சிகாகோவில் ஒருநாளும் தாமதமாகாத ஒரே பேருந்து ஓட்டுநர் (ஓய்வு),
சாத்தம், சிகாகோ.

பெறுநர்
நகரப் பொருளாளர் அவர்கள்,
சிகாகோ.

பொருள்: ஹாலோபிரிட்ஜ் வங்கி என் தங்கை மகளுக்குக் கடன் மறுத்ததும், அடிமை முறைத் தொடர்பை மறைத்து நகரத்துக்குப் பொய்ச் சத்தியம் செய்ததும் – நடவடிக்கை கோருதல்.

மதிப்பிற்குரிய அம்மையீர்,

1. என் தங்கை மகள் ரோவீனாவின் சொந்த வீட்டுக் கூரை ஒழுகுகிறது. ஒழுகும் வேகத்தில் மிச்சிகன் ஏரியே எங்கள் ஹாலில் கிளை திறந்துவிட்டது. நவம்பர் முப்பதுக்குள் சரிசெய்யாவிட்டால் வீட்டைக் காலி செய்ய வேண்டும் என்று கட்டட ஆய்வாளர் கதவில் நோட்டீஸ் ஒட்டியிருக்கிறார். அதற்காகவே வீட்டின் பேரில் மேற்படி வங்கியில் கடன் கேட்டாள்.

2. வங்கி அனுப்பிய மதிப்பீட்டாளர் சுவரில் இருந்த எங்கள் கறுப்பினக் குடும்பத்தின் படங்களைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். வீட்டைப் பார்த்ததாக நினைவில்லை. கோழிக்கூண்டே கூசும் ஒரு தொகையை எழுதிவிட்டுப் போனார். கடன் இல்லை என்றார்கள்.

3. இதற்கு எங்கள் தெருவில் ஒரு வழக்கம் உண்டு. மறுமதிப்பீடு கேட்டோம். அன்று காலை படங்கள், புத்தகங்கள், தலைவாரும் சீப்பு வரை மூட்டை கட்டினோம். ரோவீனாவோடு வேலை பார்க்கும் போலந்துக்கார வெள்ளைப் பெண் டனூட்டா தன் வீட்டுப் பொன்னிறத் தலைமுடிக்காரர்களின் படங்களை மாட்டிவிட்டு, வீட்டுக்காரி போலக் கதவருகே நின்றாள். "மாமா, இன்னும் கழட்டாத படம் நீங்க ஒருத்தர்தான். கெளம்புங்க!" என்று ரோவீனா என்னைப் பின்வாசல் வழியாக விரட்டினாள். சந்துக் குப்பைத்தொட்டிகளுக்கு நடுவே தர்பார் நடத்திக்கொண்டிருந்தேன். வந்த வேறொரு மதிப்பீட்டாளர், அதே ஒழுகும் வீட்டுக்கு இரு மடங்கு மதிப்புப் போட்டார். கடனுக்கு ஒப்புதலும் கிடைத்தது.

4. அதைக் கெடுத்தது என் வாய். எங்கள் சபையில் நல்லது நடந்தால் எழுந்து சாட்சி சொல்லாமல் இருக்க முடியாது. பணம் கைக்கு வரும் முன்பே ஞாயிறு ஆராதனையில் எழுந்தேன். "விடாதீங்க அண்ணே, சொல்லுங்க!" என்று சபை முழங்க, படம் கழற்றிய கதை முழுவதையும் பாடாத குறையாகச் சொன்னேன். ஆராதனை இணையத்தில் நேரலையாகப் போவது தெரியும். வங்கியிலும் பக்திமான்கள் இருப்பது தெரியாது. திங்களன்று ஒப்புதல் ரத்து. காரணம், 'உண்மையை மறைத்தல்'.

5. மறைப்பதைப் பற்றி இவ்வங்கி பேசலாமா? நகரப் பணத்தை வைத்திருக்கும் வங்கி, தானோ தன் முன்னோடி நிறுவனங்களோ அடிமை முறையில் ஆதாயம் பெற்றதுண்டா என்று சத்தியம் செய்து தெரிவிக்க வேண்டும் என்பது நம் நகரச் சட்டம். இவர்கள் 'இல்லை' என்று சத்தியம் செய்துள்ளனர். ஆனால் தாய் வங்கி என்று வாசலில் கல்வெட்டு வைத்துக் கொண்டாடும் லூசியானா வங்கி, அடிமைகளை ஈடாகப் பெற்றுக் கரும்புத் தோட்ட முதலாளிகளுக்குக் கடன் கொடுத்தது. அடமானப் பத்திரத்தின் நகலை இணைத்துள்ளேன். அதில் ஈடாக எழுதப்பட்டவர்களில் ஒருவர் ஏசாயா, வயது பத்தொன்பது, கொல்லர். அவர் என் பாட்டனாருக்குப் பாட்டனார். அவர் உடம்பை நம்பிப் பணம் கொடுத்தவர்களுக்கு, அவர் சாயல் சுவரில் இருக்கும் வீட்டை நம்ப முடியவில்லை. இந்த இடத்தில் எனக்கு வேடிக்கை பேச வரவில்லை, அம்மையீர்.

6. ஆகவே, பொய்ச் சத்தியம் விசாரிக்கப்படும்வரை நகரப் பணம் அவ்வங்கிக்குப் போகாமல் நிறுத்தவும், நவம்பர் முப்பதுக்கு முன் தங்கள் அலுவலர் ஒருவர் முன்னிலையில் வீட்டை மீண்டும் மதிப்பிடச் செய்யவும் வேண்டுகிறேன். படங்கள் சுவரில் இருக்கும். ரோவீனாவே கதவைத் திறப்பாள். இம்முறை எங்களில் ஒருவரும் வெளியே போக மாட்டோம்.

நாள்: அக்டோபர் 28
இடம்: சிகாகோ

ஹாலில் நனையாத மூலையில் அமர்ந்து எழுதும்,
எல்டன் தி. பிராக்ஸ்டன்