மூடி மேல் கவிழ்த்த கரண்டி

நர்ஸம்மா சமூகத்துக்கு,

நைட் டியூட்டி முடிஞ்சு வந்ததும் அடுப்படிக்கு ஓடாதே. கொஞ்சம் தூங்கு. முதல் பஸ் நான்தான் எடுக்கணும், கிளம்பிட்டேன்.

மத்தியானம் உங்கண்ணன் சாப்பிட வர்றார். அதுக்குள்ள நானும் வந்துடுவேன். அவர் எதிர்ல மூஞ்சியைத் தூக்கி வெச்சுக்காதே, தாயே.

பருப்பு வேக வெச்சுட்டேன், தாளிக்கிறதுதான் பாக்கி. வெங்காயத்தை உரிச்சுத் தண்ணியில போட்டிருக்கேன், நறுக்கும்போது கண் எரியாது. இஞ்சியைக் கத்தியால சீவாதே, ஸ்பூனால சுரண்டு. தோல் மட்டும்தான் போகும். எல்லாம் டிப்போ கேன்டீன் மாஸ்டர் சொன்னது. நான் சொன்னா நீ கேட்டுட்டுத்தான் மறுவேலை பார்ப்பே!

நேத்து கோழிக்கறி உப்புக் கரிச்சதுக்கு நான் மட்டும் காரணம் இல்லை. நான் உப்பு போட்டுட்டு யூனிஃபார்ம் தேய்க்கப் போனேன். நீ வந்து இன்னொரு தடவை போட்டே. அப்போ ரெண்டு பேரும் வாயே திறக்கலை. சாப்பிட உட்கார்ந்ததும் திறந்தோம், மாடி வீடு வரைக்கும் கேட்டிருக்கும்.

இனிமே உப்பு போட்டவங்க மூடி மேல கரண்டியைக் கவுத்து வைக்கணும். சரியா?

மறந்துட்டேன்: பருப்பு மூடி மேல கரண்டி இருக்காது. உப்பை உனக்கு விட்டுட்டேன்.

இன்னொண்ணு. அவ்வளவு திட்டிட்டும் அந்தக் கறியை மிச்சம் வைக்காமச் சாப்பிட்டுட்டுப் போனே. ராத்திரி பூரா தாகமா இருந்திருக்கும். ஃபிரிட்ஜில எலுமிச்சை ஜூஸ் இருக்கு.

சர்க்கரை மட்டும்தான் போட்டிருக்கேன்.