கன்றுக்கு விட்ட காம்பு

இன்று காலை சேலத்திலிருந்து மாம்பழக் கூடை வந்தது. பிரித்ததும் வைக்கோல் மணம் குப்பென்று ஏறியது. எடுத்த பழத்தை அப்படியே வைத்துவிட்டு உட்கார்ந்துவிட்டேன். நீங்கள் கண்ணை மூடி மூன்று வருஷம் ஆகிறது. இப்போதாவது சொல்லிவிட வேண்டும்.

மயிலாப்பூர் வீட்டு வாசலுக்கே மாட்டை ஓட்டிவந்து கறப்பான் முனுசாமி. பாத்திரத்தைக் கவிழ்த்துக் காட்டச் சொல்லிவிட்டு, தண்ணீர் கலக்கிறானா என்று கண்கொத்திப் பாம்பாக நிற்பேன். அவன் அக்குளில் இடுக்கிவரும் கன்றை மட்டும் கவனித்ததில்லை. செத்த கன்றின் தோலில் வைக்கோலைத் திணித்துத் தைத்தது அது. மாடு அதை நக்கும், பால் சுரக்கும், நமக்குக் காபி.

நீங்கள் சட்டப் புத்தகம் போடும் அச்சகத்தில் ப்ரூப் பார்த்துக்கொண்டிருந்தீர்கள். அரசியல் சட்டத்தில் குடிமக்களின் கடமைகளைப் புதிதாகச் சேர்த்த சமயம். மடியில் தாள்களோடு வாசலில் உட்கார்ந்து, "உயிர்களிடத்துல இரக்கமா இருக்கறதும் இனிமே நம்ம கடமையாம். எழுதியே வெச்சுட்டா" என்றீர்கள்.

"எழுதி வெச்சாத்தான் இரக்கம் வருமோ உங்களுக்கு?" என்று நான் சீண்டினேன்.

அப்போதுதான் தையல் விட்டது. மாடு நக்க நக்க, கன்றின் வயிறு பிரிந்து வைக்கோல் எட்டிப் பார்த்தது. மாடு நக்குவதை நிறுத்தியது. பிறகு அந்த வைக்கோலை இழுத்துத் தின்ன ஆரம்பித்தது.

தாள்கள் தரையில் விழுந்ததுகூட உங்களுக்குத் தெரியவில்லை. முனுசாமிதான் சாதாரணமாகச் சொன்னான்: "இன்னா பண்றது சாமி, காளக்கன்னு. அதுக்குப் பால வுட்டா நான் இன்னாத்த விக்கிறது?"

அடுத்த கன்று எதுவானாலும் அதற்கென்று ஒரு காம்பை விட்டுவிட வேண்டும், நமக்கு வழக்கமாக ஊற்றுவதில் பாதிப் பால் போதும், பணம் முழுசாக வாங்கிக்கொள் என்று அவனிடம் பேசி முடித்தீர்கள். நானும் தலையாட்டினேன்.

மறு வருஷமும் காளைக் கன்றுதான். தாயோடு துள்ளிக்கொண்டு வந்தது. அது குடித்து முடிக்கும்வரை நீங்கள் பேப்பரைப் பிரிக்க மாட்டீர்கள். தண்ணீர்க் காபியை ஒரு நாளும் குறை சொன்னதில்லை.

கன்றுக்கு ஒரு மாதம்கூட ஆகவில்லை. அச்சகத்தில் அவசர வேலை என்று விடியுமுன்னே கிளம்பிப் போய்க்கொண்டிருந்தீர்கள். அந்த நேரம் பார்த்து என் தம்பி குடும்பத்தோடு வந்து இறங்கினான். அவன் பெண்டாட்டிக்கு முன்னால் அந்தக் காபியை நீட்ட எனக்குக் கௌரவம் இடம் கொடுக்கவில்லை.

"நாலு நாளைக்கு அந்தக் காம்பையும் கறந்துடு" என்றேன் முனுசாமியிடம்.

"பால் குடிக்கிற கன்னு மாமி அது."

"ஏன், வைக்கோல் கடிக்காதா?"

இது என் வாயிலிருந்துதான் வந்தது. அந்த வயிறு பிரிந்ததைப் பார்த்த நான்தான் சொன்னேன். எத்தனை சுலபமாகச் சொல்லிவிட்டேன்!

தம்பி ஊருக்குப் போன பிறகும் நான் நிறுத்தச் சொல்லவில்லை. கெட்டிக் காபி எனக்கும் பிடித்துப்போயிருந்தது. வேலை முடிந்து வந்த ஒரு சாயங்காலம், "காபி பேஷா இருக்கே" என்றீர்கள். டிகாக்ஷன் நன்றாக இறங்கியிருக்கிறது என்று சொல்லிவைத்தேன்.

அவசர வேலை முடிந்து நீங்கள் மறுபடி வாசலில் உட்கார்ந்த முதல் நாள், மாடு தனியாக வந்தது.

"கன்னு எங்கே, முனுசாமி?"

"கழிச்சல் சாமி. ரெண்டே நாள்ல பூட்ச்சு."

என் பக்கம் அவன் திரும்பவே இல்லை. அவன் தோளில் கை வைத்து, "நம்மால ஆனதைப் பண்ணினோம். நீ என்ன பண்ணுவே" என்றீர்கள். நான் பாத்திரத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டேன். அவன் எனக்காகத்தான் பொய் சொன்னான் என்று சொல்ல நாக்கு எழவில்லை, அன்றைக்கும் சரி, பிறகு எந்த நாளும் சரி.

அதற்கப்புறம் வீட்டுக்கு வந்தவர்களிடமெல்லாம், "ஒரு கன்னுக்காகப் பாதிப் பாலை வெச்சுண்டு குடித்தனம் பண்ணினா இவ. நான் படிச்சதோட சரி, கடமையைச் செஞ்சது இவதான்" என்று கடைசிவரை பெருமையாகச் சொன்னீர்கள். நான் தலையைக் குனிந்துகொள்வேன். அடக்கம் என்று நினைத்தீர்கள்.

கழிச்சல் இல்லை. பட்டினி. நான் போட்ட பட்டினி.