மாத்திரைக்கு ஒரு பீடி

12-2-1973, திங்கள்

மன்னித்துக்கொள், நோட்டே. மணி பதினொன்று. பாப்பா இப்போதுதான் தூங்கினாள். மூச்சு வருகிறதா என்று இரண்டு தடவை மூக்கருகே விரல் வைத்துப் பார்த்துவிட்டு வந்து உட்கார்ந்தேன். எனக்குத்தான் தூக்கம் வரவில்லை. டாக்டர் சரி என்றுவிட்டார்!

எங்கள் மனநோய் ஆஸ்பத்திரியில் ஆண்கள் வார்டே புகைமூட்டம். மாத்திரை விழுங்கினால் வார்டு சிப்பந்தி பெத்தன் கையால் ஒரு பீடி. அதுதான் அங்கே நடைமுறை. நோயாளிகளின் வீட்டுக் கதையைக் கேட்டுக் கேஸ் எழுதுகிற நான் இதையெல்லாம் பேசலாமா? பயந்துகொண்டேதான் டாக்டரிடம் பீடிப் பேச்சை எடுத்தேன். “சாராயத்தை விட்டுட்டு வந்திருக்கான், வீட்டை விட்டுட்டு வந்திருக்கான். பீடியையும் பிடுங்கணுமாம்மா?” என்றார். பிடுங்க வேண்டாம், விட வேண்டும் என்று கேட்கிறவர்களுக்கு மட்டும் துணை நிற்போம் என்றேன். ஒரு மாதம் பாருங்கள் என்றார்.

முதலில் கேட்டவர் மலையாண்டியண்ணன், பள்ளத்தூர்க்காரர். பஸ் கண்டக்டராக இருந்தவர். காதுக்குள் குரல் கேட்கிற நோய், மாத்திரையில் அடங்கியிருக்கிறது. போன வருஷம் பீடியோடு தூங்கிப்போய் கொசுவலை பற்றிக்கொண்டது. உள்ளே கைக்குழந்தை. பிழைத்தது தெய்வச் செயல். பீடியை விட்டால்தான் வீடு என்று சொல்லிவிட்டார் அவர் மனைவி சின்னக்கண்ணு. நானாக இருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பேன்.

14-2, புதன்

ஐந்து பேர்! ஐந்து பேர் இன்று காலையிலிருந்து பீடி தொடவில்லை. நினைப்பு வந்தால் வறுத்த சோம்பு, முற்றத்தில் நாலு சுற்று நடை.

16-2, வெள்ளி

மூன்றாம் நாள். எல்லோருக்கும் எரிச்சல், ஒருவர் தட்டை வீசினார். மலையாண்டியண்ணன் மட்டும், “டிக்கெட்டைக் கிழிச்சாச்சு தாயி, இனி நடுவழியில எறங்க முடியாது” என்கிறார். வீட்டில் அத்தை என் சேலையை மோந்துவிட்டு, “அவுகளை விடச்சொல்லிட்டு நீ இழுக்கிறியாக்கும்?” என்றார்கள். குளித்துவிட்டுத்தான் பாப்பாவைத் தூக்கினேன்.

20-2, செவ்வாய்

ஐயோ, என்ன செய்துவிட்டேன்.

மலையாண்டியண்ணனுக்குக் குரல் திரும்பிவிட்டது. கட்டிலுக்கடியில் காதைப் பொத்திக்கொண்டு கிடந்தார். விசாரித்தால் — ஆறு நாளாக மாத்திரையே இல்லை! “பீடிதான் வேணாம்னு ஆயிருச்சே தாயி, அந்த வரிசையில எனக்கென்ன சோலி?” பெத்தனோ, “நீங்க பாத்துக்கிறீகன்னுல்ல விட்டுட்டேன்” என்கிறார். பீடியும் மாத்திரையும் ஒரே முடிச்சு என்பது எனக்கு ஏன் தோன்றவில்லை? ஒன்றை அவிழ்த்தால் மற்றதும் கழன்றுவிடாதா? படித்து என்ன பிரயோஜனம்?

டாக்டர் திட்டவில்லை. பீடியைத் திரும்பக் கொடுங்கள், மாத்திரையாவது உள்ளே போகும் என்றார். அப்படிச் செய்தால் மலையாண்டியண்ணனுக்கு வீடு இல்லை. ஒரு வாரம் தவணை கேட்டேன்.

21-2, புதன்

ஐந்து பேரையும் தனியே உட்காரவைத்து, எந்த மாத்திரை எதற்கு என்று சொல்லி, மோரோடு நானே கொடுத்தேன். இதுவரை ஒருவரும் அவர்களுக்குச் சொன்னதில்லையாம். மலையாண்டியண்ணன் உள்ளங்கையில் வைத்து உருட்டிப் பார்த்தார். “கொரலுக்கா இது? இத்தனை நாளா பீடிக்குக் கூலின்னுல்ல முழுங்குனேன்.” விழுங்கினார். பீடி கேட்கவில்லை!

2-3, வெள்ளி

குரல் அடங்கிவிட்டது. பீடியும் இல்லை. இரண்டும்! வார்டில் துள்ளிக் குதிக்காத குறை. ஒருவர் மட்டும் பழையபடி ஆரம்பித்துவிட்டார். திங்கட்கிழமை மறுபடி முயல்கிறேன் என்கிறார்.

17-3, சனி

சின்னக்கண்ணு வந்தார். எல்லோர் முன்னாலும் மலையாண்டியண்ணனின் வலது கை விரல்களை மூக்கருகே பிடித்து மோந்தார். சட்டைப் பையைத் துழாவினார், வெறும் சோம்பு. “சரி, துணிப்பையைக் குடுங்க. பஸ்ஸு போயிரும்” என்றார். நான் ஜன்னலைத் திறக்கிற சாக்கில் திரும்பிக்கொண்டேன்.

2-4, திங்கள்

பதினாறு நாளாயிற்று, பள்ளத்தூரிலிருந்து ஒரு தகவலும் இல்லை. கார்டு எழுதுமுன் இங்கே எழுதிப் பார்க்கிறேன்:

‘மலையாண்டியண்ணனுக்கு, இங்கு அனைவரும் நலம். இன்னும் நாலு பேர் விட வேண்டும் என்று கேட்டு வந்திருக்கிறார்கள். இப்போது மாத்திரைக்கு யாருக்கும் பீடி கிடையாது, மோர்தான், பெத்தனே ஊற்றுகிறார். பீடி வேண்டுகிறவர்களுக்குத் தனியே, வேறு நேரத்தில். நீங்கள் எப்படி இருக்கிறீர்கள் என்று புதியவர்கள் தினமும் கேட்கிறார்கள். எனக்குச் சொல்லத் தெரியவில்லை. தொடவில்லை என்றாலும் எழுதுங்கள், தொட்டுவிட்டீர்கள் என்றாலும் எழுதுங்கள், கோபிக்க மாட்டேன். மாத்திரையை மட்டும் நிறுத்தாதீர்கள். சீக்கிரம் பதில் போடுங்கள்.’